காஜுலு லட்சுமிநரசு செட்டியார்

வர்த்தகத்தினாலே பொருளீட்டிப் பின்பு சட்டசபையிலே அமர்ந்தவர் பலர். அப்பொருள் முழுவதையும் பொதுக்காரியத்திலே கரைத்துவிட்டு, சபையங்கத்தினராயிருந்தபடியே வறுமையோடு உலகு நீத்தவர் மிகச் சிலர். அச்சிலருள்ளே முன்வைத்து எண்ணத்தக்கவர் சென்னைப் பட்டணத்துக் காஜுலு லட்சுமிநரசு செட்டியார்.

இவர் 1806ஆம் ஆண்டிலே சென்னையிலே பிறந்தார். காஜுலு என்பது தெலுங்கிலே வளையல்களைக் குறிக்குஞ் சொல். தந்தையார் சித்துலு செட்டியார் நீலச்சாயமும் துணியும் விற்ற பெருவணிகர். மைந்தர் பள்ளியிலே கற்றது சொற்பம். இளமையிலேயே பண்டகசாலையிற் புகுந்து, கொள்முதலும் கணக்கும் பழகி, தந்தையார் வைத்துப்போன முதலைப் பெருக்கினார். இவ்வளவோடு நின்றிருந்தால் இன்று இவர் பெயரை அறிவார் ஒருவருமிரார்.

அக்காலத்திலே சென்னை மாகாணத்தை ஆண்டவர் கிழக்கிந்தியக் கும்பினியார். 1842ஆம் ஆண்டிலே கவர்னராய் வந்த துவீடேல் பிரபு பாதிரிமாருடைய முயற்சிகளுக்கு வெளிப்படையாகவே துணைநின்றார். ஆங்கிலம் அறிந்த பாதிரிமாருக்குப் பத்திரிகைகள் இருந்தன. இந்துக்கள் தங்கள் குறையை ஆள்வோர் காதில் விழச்செய்வதற்கு ஆங்கிலத்திலே ஒரு தாளும் இருந்ததில்லை. செட்டியார் இதனை வணிகர்க்குரிய கூர்மையோடு கண்டுகொண்டார். நடந்துவந்த ஒரு சிறு பத்திரிகையை விலைக்கு வாங்கி, பிறை என்னும் பொருளுடைய கிரெசென்ற் என்ற பெயரை அதற்கு இட்டு, ஹார்லி என்னும் ஆங்கிலேயரை ஆசிரியராக்கி, 1844ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்திலே வெளிப்படுத்தினார். இந்துக்களுக்காக வழக்காட ஓர் ஆங்கிலேயரையே அமர்த்தினாரே என்று குறைகூறுவாருமிருப்பர். ஆள்வோருடைய பாஷையிலே ஆள்வோரைப் பிழைகாட்டுவதற்கு அவ்வேளையிலே வேறு வழி யாது?

1846ஆம் ஆண்டிலே, அரசாங்கக் கல்விச்சாலைகளிலே பைபிளைப் பாடநூலாக வைத்தல்வேண்டுமென்று கவர்னர் கருத்து வெளியிட்டார். செட்டியார் பட்டணத்து இந்துக்களை ஒன்றுகூட்டி, பல்லாயிரவர் கையொப்பத்தோடு இலண்டனிலிருந்த டைரக்டர் சபையாருக்கு விண்ணப்பஞ் செய்வித்தார். அச்சபையார் கவர்னருடைய கருத்தை ஏற்றிலர். மதம் மாறினோர் குடும்பச் சொத்திலே தம் உரிமையை இழவாதிருக்கச் செய்யும் சட்டத்தையும் செட்டியார் எதிர்த்தார், அதிலே தோற்றார். அது 1850ஆம் ஆண்டிலே இருபத்தோராவது சட்டமாய் நிறைவேறிற்று.

இவ்வளவும் தம் சமயத்தார்பொருட்டுச் செய்தவை. இனிச் சொல்வது எச்சமயத்தாராயினும் மண்ணை உழுதுண்ட யாவர்பொருட்டுஞ் செய்தது. எம் மனத்திலே இதுவே பெரிதாய் நிற்கின்றது.

1852ஆம் ஆண்டிலே செட்டியார் முதன்மையிலே சென்னைச் சுதேசிகள் சங்கம் தோன்றிற்று. கும்பினியாருடைய அதிகாரம் புதுப்பிக்கப்படும் தருணம் அணுகவே, வரிப்பளுவையும், நியாயஸ்தலங்களின் தாமதத்தையும், கல்விக்குறைவையும், வரி தண்டுமிடத்து நிகழுங் கொடுமையையும் எடுத்துக்காட்டி, அச்சங்கத்தார் பார்லிமெண்டுக்கு மனு அனுப்பினர். 1853ஆம் ஆண்டிலே டான்பி சீமூர் என்னும் பார்லிமெண்டு அங்கத்தவர் சென்னைக்கு வந்தபோது, செட்டியார் அவரைப் பட்டணத்து விருந்துகளோடு போக்கிவிடாமல், உள்ளூர்களுக்கு அழைத்துச்சென்று, குடியானவர் வாயினாலேயே கேட்பித்தார்.

கேட்டவை கொடியன. வரி செலுத்தாதவனுடைய விரல்களை இரண்டு கோல்களுக்கிடையே வைத்து நெருக்குவர். இக்கருவிக்குக் கிட்டி என்று பெயர். கழுத்தையும் காற்பெருவிரலையுங் கயிற்றாற் பிணித்துக் குனியவைத்து வெயிலிலே நிறுத்துவர். அதற்கு அண்ணாந்தாள் என்று பெயர். சீமூர் 1854ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே இவற்றைப் பொதுமக்கள் சபையிலே சொன்னபொழுது, கும்பினிப் பக்கத்தார் நம்ப மறுத்தனர். ஆயினும் விசாரணைக் குழுவொன்று நியமிக்கப்பட்டது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்னும் மூவர் விசாரித்து, 1855ஆம் ஆண்டிலே சித்திரவதை உண்டென்றே அறிக்கை செய்தனர். கைகளினாலே அதனைச் செய்தவர் ஆங்கிலேயரல்லர். நம்மவராகிய தாசில் சேவகரே. வரி தண்டுதலும், காவலும், தண்டனை விதித்தலும் ஒரே கையில் இருந்தமையால் அடிபட்டவன் முறையிடுதற்கு இடமில்லாதிருந்தது. 1859ஆம் ஆண்டுச் சட்டத்தினாலே காவற்படை தனியே அமைக்கப்பட்டு, ரெவினியூ உத்தியோகத்தினின்றும் பிரிக்கப்பட்டது. செட்டியாருக்குச் சிலை வைக்கினும் இதற்கு ஈடாகாது.

கும்பினியாட்சி நீங்கி அரசியின் ஆட்சி வந்தபின்னர் காலம் மாறிற்று. முன்னே பகைவராய் எண்ணப்பட்டவருக்கு இந்திய நட்சத்திரப் பட்டம் கிடைத்தது. 1861ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சென்னைச் சட்டசபையிலே முதலாவது இந்திய அங்கத்தவராயிருந்த வெ. சடகோபாசார்லு 1863ஆம் ஆண்டிலே காலமாக, அவ்விடத்துக்குச் செட்டியாரை நியமித்தனர்.

அச்சபையின் இயல்பை அறிந்தாலன்றி இந்நியமனத்தின் அளவு விளங்காது. அங்கத்தவரைக் குடிகள் தெரிந்தனுப்புவதில்லை, கவர்னரே நியமிப்பர். முன்வைக்கப்பட்ட மசோதாவைப்பற்றிப் பேசலாமன்றி, அரசாங்கத்தின் நடவடிக்கையைப்பற்றிக் கேள்வி கேட்டல் இயலாது. பார்லிமெண்டையே தட்டியெழுப்பியவருக்குத் தம்மூர்ச் சபையிலே வினாவுதற்கு உரிமையில்லை. அவ்வாசனத்தை ஏற்றது பிழையென்று யாம் கூறோம். பின்வந்தோருக்கு அது வழியாயிற்று. ஆனால் அவருடைய வலிமை ஆசனமில்லாத காலத்திலேதான் இருந்தது.

பத்திரிகையும், சங்கமும், இலண்டனுக்குப் போன மனுக்களும் அவருடைய முதலை உண்டன. கிரெசென்ற் நின்றுபோயிற்று. சங்கம் தளர்ந்தது. சென்னை மகாஜன சபை தோன்றுதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன், 1868ஆம் ஆண்டிலே, செல்வத்திலே பிறந்த செட்டியார் கையிற் பொருளின்றித் தேகவியோகமானார்.