வங்கி கண்ட வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர்

மத்திகிரிக்கு எம்பெருமானைச் சேவிக்க வரும் அன்பர்களுள் ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளின் குடியானவர்களும் உண்டு. இங்குள்ள தொழிற்சாலைகளில் உழைத்து வாழ்வோரும் உண்டு. பாடுபட்டுச் சேர்த்த பொருளை வங்கியில் இட்டுவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு கவலையின்றித் திருவிழாவுக்குப் புறப்படுகிறோம். நம் பாட்டனார் காலத்தில் இந்த நிம்மதி இருந்ததில்லை. அது தென்னாட்டில் வேரூன்றப் பாடுபட்ட பெருமகனார் ஒருவரின் வரலாற்றைச் சேவார்த்திகள் அறிந்துகொள்வது பொருத்தமாகும்.

தஞ்சை ஜில்லா திருவிடைமருதூரில் 1863ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் பிறந்தவர் கிருஷ்ணசாமி ஐயர். தந்தையார் வேங்கடராம ஐயர் முன்சீப் உத்தியோகம் பார்த்தவர். கும்பகோணத்திலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்று, 1885இல் உயர்நீதிமன்ற வக்கீலாகப் பதிவு செய்துகொண்டார். சில ஆண்டுகளிலேயே முன்னணி வக்கீல்களின் வரிசையில் இடம்பெற்றார். முன்கோபியென்று பெயரெடுத்தவர், மனத்தில் பட்டதை மறைக்கத் தெரியாதவர்.

அக்காலத்துச் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி என்றால் மலைபோன்ற நம்பிக்கை. பென்ஷன் பெற்ற உத்தியோகஸ்தர்களும், கைம்பெண்களும், சிறுவியாபாரிகளும் அந்த வெள்ளைக்காரக் கம்பெனியிடம் தங்கள் சேமிப்பை ஒப்படைத்திருந்தனர். கம்பெனியின் இலண்டன் கூட்டாளியோ அப்பணத்தைக் கடல் கடந்த ஊகத் தொழில்களில் முடக்கியிருந்தார். 1906 அக்டோபர் 22ஆம் நாள் கம்பெனி கதவடைத்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நடுத்தெருவில் நின்றன. பிள்ளையின் படிப்புக்கென வைத்த பணமும், பெண்ணின் கலியாணத்துக்கென வைத்த பணமும் ஒரே பகலில் காகிதமாயின.

கடன் கொடுத்தோருக்காக நீதிமன்றத்தில் போராட முன்வந்தார் ஐயர். கம்பெனியை நடத்திய சர் ஜார்ஜ் அர்பத்நாட் அரசாங்கத்தாரிடம் பெருஞ்செல்வாக்கு உள்ளவர். அவரை எதிர்த்து வாதாடுவது அந்நாளில் எளிய காரியமன்று. மறு ஆண்டு அவருக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. ஆயினும் சிறைத்தண்டனை எவருடைய முதலையும் மீட்டுத் தராதல்லவா? வழக்கில் வென்ற வக்கீல் அத்துடன் வீடு திரும்பியிருக்கலாம். ஐயரவர்களோ நம்மவர் முதலால், நம்மவர் நிர்வாகத்தில் ஒரு வங்கி வேண்டுமென்று அலையத் தலைப்பட்டார்.

வங்கியொன்று கண்முன்னே கவிழ்ந்த சில வாரங்களுக்குள், இன்னொரு வங்கிக்குப் பணம் தாருங்கள் என்று கேட்பதற்கு எத்தனை துணிவு வேண்டும்! ஊர்ப் பிரமுகர்களின் கையொப்பத்துடன் சுற்றறிக்கை விடுத்தார். கொடுக்கல் வாங்கலில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்த நாட்டுக்கோட்டை நகரத்தாரின் ஆதரவைத் தேடிப் பெற்றார். 1907 மார்ச் 5ஆம் நாள் இந்தியன் வங்கி பதிவாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் அலுவலைத் தொடங்கியது. சுதந்திரத் திருநாளாக அத்தேதி மலர்வதற்கு அப்போது இன்னும் நாற்பது ஆண்டுகள் இருந்தன.

சம்பாதித்த பொருளை அவர் பூட்டி வைத்ததில்லை. வேங்கடரமணர் திருநாமம் தாங்கிய ஆயுர்வேத வைத்தியசாலை 1905இல் மயிலாப்பூரில் ஏழை நோயாளிகளுக்காகத் திறக்கப்பட்டது. மறு ஆண்டு அங்கேயே சம்ஸ்கிருதக் கல்லூரி எழுந்தது. மகாமகோபாத்தியாய குப்புசாமி சாஸ்திரியாரை இளம்வயதிலேயே அதன் முதல்வராக்கினார்.

மிதவாதியான ஐயரைத் தம் பத்திரிகையில் கடுமையாகச் சாடியவர் சுப்பிரமணிய பாரதியார். ஆயினும் பாரதியாரின் தேசியப் பாடல்களைக் கேட்டவுடன் ஐயர் மனமுருகிப்போனார். 1907இல் அவற்றுள் சிலவற்றைத் தம் செலவில் 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கச் செய்தார். வசைபாடியவரின் கவிக்கு முதல் பொருளுதவி இவர் கையிலிருந்து சென்றதென்பது, வங்கி கண்டதற்குக் குறைந்த பெருமையன்று என்பேன்.

1909இல் உயர்நீதிமன்ற நீதிபதியானார்; 1911இல் கவர்னரின் நிர்வாக சபையில் அங்கம் வகித்தார். அவ்வாண்டு டிசம்பர் 28ஆம் நாள், நாற்பத்தெட்டாம் வயதிலேயே இறையடி சேர்ந்தார். அவர் நட்ட வங்கிக்கு அப்போது நான்கு வயதுதான்.

1969இல் அவ்வங்கி நாட்டுடைமையாயிற்று. அது பொறுப்பேற்று வளர்த்த அதியமான் கிராம வங்கி, ஓசூரும் உட்பட்டிருந்த பழைய தருமபுரி மாவட்டத்துக் குடியானவர்களுக்குக் கடன் வழங்கியது. அக்கிராம வங்கி 2006இல் பல்லவன் கிராம வங்கியில் இணைந்து, 2019இல் சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு கிராம வங்கியின் பகுதியாயிற்று. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் முன்னோடி வங்கியும் இந்தியன் வங்கியே.

சென்னைக்குச் செல்லும் நம்மூர் அன்பர்கள் துறைமுகத்தின் எதிரே ஒருகணம் நிற்கலாம். அர்பத்நாட் கம்பெனி கொலுவீற்றிருந்த மனையிலேதான் பின்னர் இந்தியன் வங்கி தன் தலைமையகத்தை எழுப்பிக்கொண்டது. அந்தச் சாலை இன்று தாங்கி நிற்பது, மத்திகிரிக்கு அணித்தான தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜியின் பெயரை. அங்கிருந்து கடற்கரையோரமாகத் தெற்கே சென்றால், பல்கலைக்கழக செனட் மண்டபத்தின் அருகில் கிருஷ்ணசாமி ஐயரின் சிலையையும் காணலாம்.