அலன் டூரிங்

அலன் மத்திசன் டூரிங் (ஜூன் 23, 1912 – ஜூன் 7, 1954) ஓர் ஆங்கிலேயக் கணிதவியலாளரும் ஏரணவியலாளரும் மறைகுறியீட்டு ஆய்வாளரும் ஆவார். கணினியியலின் தந்தை எனப் பலராலும் கருதப்படுகிறார். எந்திரம் சிந்திக்குமா என்ற கேள்வியை, செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனையாக 1950 இல் மாற்றியமைத்தவர் இவரே.

பிறப்பும் இளமையும்

தந்தை ஜூலியஸ் டூரிங் சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ் அதிகாரியாகப் பணியாற்றியவர். தாய் ஈத்தல் சாரா, மதராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளர் எட்வர்டு வாலர் ஸ்டோனியின் மகள், போத்தனூரில் பிறந்தவர். எனினும் டூரிங் பிறந்தது இலண்டனில். பெற்றோர் பணி நிமித்தம் இந்தியா திரும்பியபோது அவரும் அண்ணன் ஜானும் இங்கிலாந்திலேயே ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி ஒருவரின் குடும்பத்தினரிடம் விடப்பட்டனர்.

ஷெர்போர்ன் பள்ளியில் பயின்றபோது அறிவியல் ஆர்வத்தைப் பகிர்ந்துகொண்ட நெருங்கிய நண்பர் கிறிஸ்டோபர் மோர்கம் 1930 இல் காசநோயால் இறந்தார். நண்பரின் தாயாருடன் டூரிங் பல ஆண்டுகள் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். உடல் அழிந்தபின் மனம் என்னவாகிறது, மனமும் பருப்பொருளும் எவ்வாறு பிணைந்துள்ளன என்ற வினாக்கள் அக்காலத்திலேயே அவரைப் பற்றிக்கொண்டன.

டூரிங் பொறி

கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் பயின்று, 1935 இல் தமது 22 ஆவது வயதில் அக்கல்லூரியின் ஆய்வுறுப்பினரானார். மறு ஆண்டு எழுதிய ஆய்வுக் கட்டுரையில், எந்தவொரு கணிதக் கூற்றும் நிறுவத்தக்கதா என்று தீர்மானிக்கும் பொதுவான வழிமுறை உண்டா என்ற ஹில்பர்ட்டின் வினாவை எடுத்துக்கொண்டு, அத்தகைய வழிமுறை இல்லை என நிறுவினார். அமெரிக்கரான அலொன்சோ சர்ச் வேறு வழியில் இதே முடிவை அடைந்திருந்தார்.

டூரிங் தொடங்கிய இடம் எந்திரம் அன்று, மனிதன். தாளும் பென்சிலும் கொண்டு கணக்கிடும் ஒருவர் ஒரு நேரத்தில் சில குறிகளையே பார்க்கிறார். ஏதோ ஒரு மனநிலையில் இருக்கிறார். விதிப்படி ஒரு குறியை எழுதுகிறார் அல்லது அழிக்கிறார். இவ்வளவையும் கட்டங்கள் கொண்ட நாடாவின்மீது நகரும் ஒரு பொறி செய்யும் என அவர் காட்டினார். மற்றெந்தப் பொறியின் விதிகளையும் படித்து அதைப்போலவே நடக்கவல்ல பொதுமைப் பொறியும் அக்கட்டுரையில் உண்டு. இன்றைய கணினியின் அடிப்படைக் கருத்து இதுவே.

போர்க்காலம்

இரண்டாம் உலகப்போரில் பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மானியக் கடற்படையின் எனிக்மா குறியீட்டை உடைக்கும் குழுவுக்குத் தலைமை தாங்கினார். போலந்துக் கணிதவியலாளர்கள் முன்னரே செய்திருந்த பணி இதற்கு அடித்தளமாக அமைந்தது. இதைக் குறிப்பிடாமல் டூரிங்கை மட்டும் புகழ்வது சரியன்று. இப்பணிகள் 1970கள் வரை இரகசியமாகவே இருந்தன.

எந்திரமும் நனவும்

1948 இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அந்நகரின் நரம்பியல் அறுவை மருத்துவர் ஜெப்ரி ஜெபர்சன், 1949 இல் ஆற்றிய உரையில், தானே உணர்ந்த உணர்ச்சியால் கவிதை எழுதி, எழுதியதைத் தானும் அறிந்திருந்தால் ஒழிய எந்திரத்தை மூளைக்கு நிகராக ஏற்க முடியாது என்று வாதிட்டார்.

மறு ஆண்டு "மைண்ட்" இதழில் வெளியான கட்டுரையில் டூரிங் இதற்கு விடையளித்தார். ஒருவர் எழுத்து மூலம் மட்டும் வினவ, மறைவில் மனிதரும் எந்திரமும் விடையளிப்பர்; எது எந்திரம் என வினவுபவர் கண்டுபிடிக்க வேண்டும். நனவு பற்றிய மறுப்பை அதன் முடிவுவரை கொண்டுசென்றால், எந்திரம் சிந்திக்கிறதா என்று அறிய நாமே அவ்வெந்திரமாக வேண்டும். இதே அளவுகோலின்படி பிற மனிதர் சிந்திப்பதையும் நாம் அறியவியலாது. ஆயினும் எல்லோரும் சிந்திக்கிறார்கள் என்று மரியாதையின் பொருட்டு ஏற்றுக்கொள்கிறோம். நனவில் புதிரே இல்லை என்று டூரிங் கூறவில்லை. அப்புதிர் விடுபடும்வரை சோதனை காத்திருக்க வேண்டியதில்லை என்றே கருதினார்.

கட்டுரையின் மாதிரி உரையாடலில் 34957 உடன் 70764 ஐக் கூட்டுமாறு கேட்கப்படுகிறது. ஏறத்தாழ 30 நொடிகளுக்குப் பின் 105621 என விடை வருகிறது. சரியான விடை 105721. கூட்டிப் பார்க்காமலேயே இதைக் கடந்துவிடுவது எளிது. விளையாட்டில் வெல்ல முயலும் எந்திரம் வேண்டுமென்றே கணக்கில் தவறு செய்யும் என்று அதே கட்டுரையின் பிற்பகுதி விளக்குகிறது. பிழையின்றிக் கணக்கிட்டால் அது அகப்பட்டுவிடும். எனவே இச்சோதனை அளப்பது வினவுபவரின் நம்பிக்கையையே. விடை உண்மையா என்பதை அன்று.

இவ்வேறுபாடு பின்னர் அடிக்கடி மறக்கப்பட்டது. 1966 இல் ஜோசப் வைசன்பாம் உருவாக்கிய எலிசா நிரல், பயனர் எழுதிய சொற்களையே கேள்வியாகத் திருப்பிப் போட்டது. அது நிரல் என்று அறிந்தவர்களும் அதனிடம் மனம்விட்டுப் பேசியது அவரையே திடுக்கிட வைத்தது. 2014 இல் 13 வயது உக்ரேனியச் சிறுவனாக நடித்த ஒரு நிரல் நடுவர்களில் 33 விழுக்காட்டினரை நம்பவைத்ததும், டூரிங் சோதனை வெல்லப்பட்டதாகச் செய்திகள் பரவின. ஆனால் டூரிங் தேர்ச்சி மதிப்பெண் எதையும் விதிக்கவில்லை. ஐந்து நிமிட வினாக்களுக்குப் பின் சராசரி வினவுநர் சரியாகக் கண்டறியும் வாய்ப்பு 70 விழுக்காட்டைத் தாண்டாத நிலை சுமார் 50 ஆண்டுகளில் வரும் என்பது அவரது எதிர்பார்ப்பு மட்டுமே.

இறுதிக்காலம்

1952 இல் தற்பால் உறவுக்காக அன்றைய சட்டப்படி தண்டிக்கப்பட்டார். சிறைக்கு மாற்றாக ஓராண்டு இயக்குநீர்ச் சிகிச்சையை ஏற்றார். அரசின் இரகசியப் பணிகளுக்கான அனுமதியையும் இழந்தார். 1954 இல் வில்ம்ஸ்லோவிலுள்ள வீட்டில் சயனைடு நஞ்சினால் இறந்தார். விசாரணை இதைத் தற்கொலை எனத் தீர்மானித்தது. தாயார் விபத்து என்றே நம்பினார்.

படுக்கையருகே பாதி உண்ட ஆப்பிள் கிடந்தது. அதில் நஞ்சு இருந்ததா என்று சோதிக்கப்படவே இல்லை. ஆப்பிள் நிறுவனச் சின்னம் இதன் நினைவாக அமைந்தது என்ற பரவலான கதையும் சரியன்று. செர்ரிப் பழமெனத் தோன்றாதிருக்கவே கடித்த வடிவைச் சேர்த்ததாக அதனை வரைந்த ராப் ஜானாஃப் தெரிவித்துள்ளார்.

கணினியியலில் உயரிய டூரிங் விருது 1966 முதல் வழங்கப்படுகிறது. பிரித்தானிய அரசு 2009 இல் மன்னிப்புக் கோரியது. 2013 இல் அரச மன்னிப்பு அளிக்கப்பட்டது. 2021 இல் அவரது பிறந்தநாளன்று அவர் உருவம் பொறித்த 50 பவுண்டு தாள் வெளியிடப்பட்டது.