கருவைக் காக்கும் அருமருந்து: டாக்டர் சுப்பாராவ் வரலாறு

மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோல்வியுற்ற மாணவன் ஒருவன், பிற்காலத்தில் உலகத் தாய்மார்களுக்கெல்லாம் பயன்படும் மருந்தொன்றை ஆக்கித் தருவான் என்று எவரேனும் அன்று எண்ணியிருப்பரோ? அத்தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வே அலுவலகத்தில் பேரேடுகளோடு காலங்கழிக்கும் எனக்கு, அம்மாணவரின் வரலாறு தனியொரு ஊக்கத்தை அளித்தது. நம் சங்கத்து அன்பர்களுக்கும், சிறப்பாக மணப்பருவத்துப் பெண்மக்களைப் பெற்றோருக்கும் அது பயன்படும் என்னும் எண்ணத்தால் ஈண்டு எழுதத் துணிகின்றேன்.

எல்லாப்பிரகடா சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள் ஆந்திர நாட்டுப் பீமவரத்தில், எளிய தெலுங்குக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். ராஜமுந்திரியில் பயின்ற நாளில் அவருக்குப் படிப்பில் மனம் பற்றவில்லை. சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து, மூன்றாம் முறை எழுதியே மெட்ரிகுலேஷனில் தேறினார். பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியில் புகுந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை உடுத்தியமையால் ஆங்கிலப் பேராசிரியர் ஒருவரின் வெறுப்புக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டாமல் எல்.எம்.எஸ். பட்டமே பெற்றார்.

அந்நாளில் அவர் குடும்பத்தில் பேரிடி விழுந்தது. உண்ட உணவின் சத்து உடலில் ஒட்டாமல், குருதி வற்றி மெலியச் செய்யும் ‘ஸ்ப்ரூ’ என்னும் குடல்நோய்க்கு அவருடைய உடன்பிறந்தார் இருவர், சில நாட்கள் இடைவெளியில், ஒருவர்பின் ஒருவராக இரையாயினர். மருத்துவம் பயின்றும் அவர்களைக் காக்க இயலவில்லையே என்னும் துயரம் அவர் உள்ளத்தைவிட்டு நீங்கவே இல்லை.

1923-இல் மனைவியைத் தாயகத்தில் விட்டு, அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார். கையில் பொருளில்லை. மருத்துவமனையில் இரவு ஏவலராகப் பணிபுரிந்துகொண்டே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றார். பிஸ்க் என்னும் அறிஞரோடு சேர்ந்து, குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925-இல் வகுத்தார். தசைகளுக்கு ஆற்றல் அளிக்கும் பொருள்கள் சிலவற்றையும் அவ்விருவரும் கண்டறிந்தனர். 1940-இல் சுப்பாராவ் லெடர்லி மருந்து நிறுவனத்தின் ஆராய்ச்சித் துறையில் சேர்ந்தார்.

அவர் அங்கே தேடிய பொருளின் கதை நம் மராட்டிய மண்ணோடும் தொடர்புடையது. நம் ஊரிலிருந்து டெக்கான் குவீன் நாள்தோறும் சென்று மீளும் அந்தப் பம்பாய் மாநகருக்கு, 1928-இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில நாட்டு மருத்துவ அம்மையார் வந்தார். ஏழைக் கர்ப்பிணிகள் பலர் குருதிச் சோகையால் மாண்டுகொண்டிருந்தனர். செல்வர் வீட்டுப் பெண்களின் உணவையும் ஏழையரின் உணவையும் ஒப்பிட்டு ஆராய்ந்த அம்மையார், நொதிச்சாறான ‘மார்மைட்’ அந்நோயைத் தீர்ப்பதைக் கண்டு 1931-இல் வெளியிட்டார். அவ்வாண்டின் தொடக்கத்தில் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலும் அவர் பணிபுரிந்தார். சுப்பாராவ் பள்ளியில் பயின்ற அதே திருவல்லிக்கேணி!

நொதியில் மறைந்திருந்த அப்பொருளை 1941-இல் அமெரிக்க அறிஞர் சிலர் பசலைக் கீரையிலிருந்து பிரித்தெடுத்தனர். இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்றும் ‘ஃபோலிக் அமிலம்’ என்று பெயரிட்டனர். டன் கணக்கில் கீரை வேண்டும். கிடைப்பதோ மிகச் சிறிதளவு. சுப்பாராவின் தலைமையில் உழைத்த குழுவினர் 1945-இல் அதனைச் செயற்கை முறையில் ஆக்கி, எங்கும் எளிதிற் கிடைக்கும் மாத்திரையாக்க வழிவகுத்தனர். உடன்பிறந்தாரைக் கொண்டுசென்ற ஸ்ப்ரூ நோய்க்கும் அது மருந்தாயிற்று. காலம் கடந்தே ஆயினும் அண்ணன் தம்பியர்க்கு அவர் ஆற்றிய கடன் அது எனலாம்.

இனி, அம்மருந்து கருவைக் காக்கும் விதத்தைக் காண்போம். கருவுற்ற மூன்றாம் வாரத்தில் சிசு ஒரு சிறு இலைபோலத் தட்டையாக இருக்கிறது. அதன் முதுகுப்புற நடுவே ஒரு பகுதி தடித்து, இரு ஓரங்களும் மேலெழுந்து ஒன்றையொன்று நெருங்குகின்றன. சிறுவர்கள் பூவரச இலையைச் சுருட்டி ஊதுகுழல் செய்வதை நாம் அறிவோம். அவ்வாறே இங்கும் ஒரு குழல் உருவாகிறது. கழுத்துப் பகுதியில் முதலில் மூடி, மேலும் கீழுமாக மூடிக்கொண்டே செல்கிறது. மேற்பகுதி பருத்து மூளையாகிறது. எஞ்சியது முதுகுத் தண்டுவடமாகிறது. ஏறத்தாழ 28 நாட்களுக்குள் இவ்வேலை முடிந்துவிடும்.

இவ்வளவு விரைவில் உயிரணுக்கள் பெருகுவதற்கு ஃபோலிக் அமிலம் இன்றியமையாதது. அது குறைந்தால் குழல் மூடாமல் நிற்கக்கூடும். மேல்முனை மூடாவிடில் மூளை வளராது, குழந்தை பிழையாது. கீழ்ப்பகுதி மூடாவிடில் முதுகுத்தண்டு பிளந்து, கால்கள் வலுவிழக்க நேரும்.

இவ்வுண்மையைச் சுப்பாராவ் அறிந்திலர். யானைக்கால் நோய்க்கு மருந்து கண்டும், ஃபோலிக் அமிலத்தை எதிர்க்கும் மருந்துகளை இரத்தப் புற்றுநோய்க்கென ஆக்கித் தந்தும் ஓயாது உழைத்த அவர், தாயகம் திரும்பாமலே 1948 ஆகஸ்டில், தம் 53-ஆம் வயதில் மறைந்தார். அவர் மறைந்த சில ஆண்டுகளில், அவ்வெதிர்மருந்தை உட்கொண்ட தாய்மாரின் கருக்கள் உருக்குலைந்தமை தெரியவந்தது. 1965-இல் லிவர்பூல் மருத்துவர்கள், ஊனமுற்ற குழந்தைகளைப் பெற்ற தாய்மார் பலரிடம் இச்சத்துக் குறைந்திருப்பதைக் கண்டனர். 1991-இல் ஏழு நாடுகளில் நிகழ்ந்த சோதனையின் முடிவு வெளியாயிற்று. இத்தகைய குழந்தையை முன்னரே பெற்ற தாய்மார், கருவுறுமுன் தொடங்கி ஃபோலிக் அமிலம் உண்டபோது, அக்குறை மீண்டும் நேர்வது 72 விழுக்காடு குறைந்தது.

இதில் நாம் கருத்திற் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. மாதவிலக்குத் தள்ளிப்போய், ஐயுற்று, மருத்துவரைக் காணும் வேளையில் அக்குழல் பெரும்பாலும் மூடியிருக்கும். வண்டி புறப்பட்ட பின்னர்ப் பயணச்சீட்டுக்கு வரிசையில் நின்று பயனென்ன? ஆதலின் கருவுறுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் உண்ண வேண்டுமென மருத்துவர் கூறுவர். முன்னர் இக்குறையுள்ள குழந்தை பிறந்த குடும்பத்தினர் மருத்துவர் சொற்படி மிகுதியாக உண்ண வேண்டும். கீரையும் பயறும் நன்றே. ஆயினும் நெடுநேரம் வேகவைத்தால் அச்சத்து அழியும் என்பதால் உணவை மட்டும் நம்பியிருத்தல் தகாது.

திருமணத்துக்குப் பட்டும் பாத்திரமும் மாதக் கணக்கில் தேடித் தேடி வாங்கும் நாம், மிகக் குறைந்த விலையுள்ள இம்மாத்திரையைப் பற்றிப் பெண்ணுக்கு ஒரு சொல் சொல்ல நாணுகின்றோம். அந்நாணத்தை விடுவோம். 1995-இல் நம் நாட்டு அஞ்சல் துறை சுப்பாராவின் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டுச் சிறப்பித்தது. நம் இல்லங்களில் பிறக்கும் குழந்தைகள் நிமிர்ந்து நடப்பதே அப்பெரியாருக்கு நாம் செய்யும் சிறப்பாகும்.