ஓ. வி. அழகேசன்

ஓ. வி. அழகேசன் (செப்டம்பர் 6, 1911 - சனவரி 3, 1992) தமிழகத்தைச் சேர்ந்த விடுதலைப் போராட்ட வீரரும் காங்கிரசு அரசியல்வாதியும் ஆவார். இந்திய அரசியல் நிர்ணய மன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்கு அடித்தளம் இடப்பட்ட காலத்தில் நடுவண் அரசின் பெட்ரோலிய, வேதிப்பொருள் துறை இணை அமைச்சராகப் பணியாற்றினார்.

தொடக்க கால அரசியல்

1952 பொதுத்தேர்தலில் செங்கல்பட்டுத் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தெற்கே பீர்க்கன்கரணை, தாம்பரம் முதல் வடக்கே மணலி வரையிலான ஊர்கள் அக்காலத்தில் செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்தன. லால் பகதூர் சாசுதிரியின் கீழ் இரயில்வே துணை அமைச்சரானார். 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே நிகழ்ந்த தொடர்வண்டி விபத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சாசுதிரி பதவி விலகினார். எதிர்க்கட்சியினரின் பரப்புரையில் இவ்விபத்து அழகேசன் மீதும் சுமத்தப்பட்டது. 1962 இல் அவர் மீண்டும் மக்களவை உறுப்பினரானார்.

மொழிப் போராட்டமும் பதவி விலகலும்

1965 சனவரி 26 முதல் இந்தி மட்டுமே இந்தியாவின் ஆட்சிமொழியாகும் என்ற நிலை ஏற்பட்டபோது தமிழகத்தில் மாணவர் போராட்டம் வெடித்தது. துப்பாக்கிச் சூட்டில் பலர் உயிரிழந்தனர். ஆங்கிலம் தொடர்வதற்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற நிலையில், பிப்ரவரி 11 அன்று சி. சுப்பிரமணியமும் அழகேசனும் பதவி விலகல் கடிதம் அளித்தனர். அன்றிரவே பிரதமர் சாசுதிரி வானொலியில் ஆங்கிலம் தொடரும் என உறுதியளித்தார். விலகல்கள் ஏற்கப்படவில்லை, இருவரும் பதவியில் நீடித்தனர். அந்த உறுதிமொழி 1967 ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத் திருத்தத்தில் சட்ட வடிவம் பெற்றது.

மணலி சுத்திகரிப்பு ஆலை

அதே ஆண்டின் இறுதியில், 1965 திசம்பர் 30 அன்று, மெட்ராசு சுத்திகரிப்பு நிறுவனம் தொடங்கப்பட்டது. இந்திய அரசு 74 விழுக்காடும், அமெரிக்காவின் அமோக்கோ, ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனம் ஆகியவை தலா 13 விழுக்காடும் பங்கு கொண்டிருந்தன. ஆண்டுக்கு 25 இலட்சம் டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் திறனுடன் ஆலை 1969 இல் இயங்கத் தொடங்கியது. கப்பலில் வந்த கச்சா எண்ணெய் சென்னைத் துறைமுகத்திலிருந்து குழாய் வழியே மணலியை அடைந்தது.

கச்சா எண்ணெயைச் சூடாக்கி, கொதிநிலை வேறுபாட்டைக் கொண்டு பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் முதலியவை பிரிக்கப்படுகின்றன. அவ்வாறு கிடைக்கும் நாப்தா, 1966 திசம்பரில் நிறுவப்பட்ட மெட்ராசு உர நிறுவனத்திற்கு மூலப்பொருளாயிற்று. நாப்தாவை நீராவியுடன் நிக்கல் வினையூக்கியின் மீது செலுத்தினால் ஐதரசன் கிடைக்கும். அது காற்றிலுள்ள நைதரசனுடன் இணைந்து அம்மோனியாவாகி, பின் யூரியாவாகிறது. இவ்வாறு மணலியின் எண்ணெய் வயல்களுக்கும் பயன்பட்டது. உர ஆலை 2019 இல் இயற்கை எரிவாயுவுக்கு மாறியது.

சுத்திகரிப்பு நிறுவனம் 2000 இல் சென்னை பெட்ரோலியக் கழகம் எனப் பெயர் மாற்றப்பட்டது. மணலியின் ஆண்டுத் திறன் பின்னர் 105 இலட்சம் டன்னாக உயர்ந்தது. ஆலைகள் பெருகியதால் காற்றும் நீரும் மாசடைந்தன. 2009 இல் நடுவண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மணலியைக் கடும் மாசுப் பகுதிகளுள் ஒன்றாக வகைப்படுத்தியது.

பிற்காலம்

1967 தேர்தலில் தமிழகத்தில் காங்கிரசு ஆட்சியை இழந்தது. அழகேசன் அதன்பின் எத்தியோப்பியாவில் இந்தியத் தூதராகப் பணியாற்றினார். 1971 இல் திருத்தணியிலிருந்தும் 1977 இல் அரக்கோணத்திலிருந்தும் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1992 இல் தமது 80 ஆம் அகவையில் காலமானார்.