சட்டம் பயிற்றிச் சமத்துவம் விளைத்த ஆசான்

ஓர் ஆசிரியரின் பெருமையை அவர் எழுதிய நூல்களைக் கொண்டு அளப்போர் உண்டு; பெற்ற பட்டங்களைக் கொண்டு அளப்போரும் உண்டு. அவர் உருவாக்கிய மாணவர்களைக் கொண்டு அளப்பதே சிறந்தது என்பது நம் கருத்து. அவ்வாறு அளக்குங்கால், அமெரிக்கச் சட்டக் கல்வி வரலாற்றில் முன்வரிசையில் நிற்பவர் சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன்.

இளமையும் கல்வியும்

ஹூஸ்டன் 1895 செப்டம்பர் 3ஆம் நாள் வாஷிங்டன் நகரில் கறுப்பினக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை வில்லியம் வழக்கறிஞர். குழந்தை தொட்டிலில் கிடந்த 1896ஆம் ஆண்டிலேதான், வெள்ளையர்க்கும் கறுப்பினத்தவர்க்கும் தனித்தனி இரயில் பெட்டிகள் வைப்பது சட்டத்திற்கு உகந்ததே என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வசதிகள் சமமாக இருந்தால் பிரித்து வைப்பது குற்றமாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். நடைமுறையில் பிரிவினை இருந்தது, சமத்துவம் இல்லை. அந்தத் தீர்ப்பை வீழ்த்துவதே பின்னாளில் ஹூஸ்டனின் வாழ்நாட்பணியாயிற்று.

ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் 1915இல் பட்டம் பெற்ற அவர், முதல் உலகப் போரில் படை அதிகாரியாகப் பிரான்சு சென்றார். பகைவரின் குண்டுகளைவிடத் தம் படையைச் சேர்ந்த வெள்ளையர் இழைத்த அவமதிப்புகளே அவர் நெஞ்சை மிகுதியும் புண்படுத்தின. உயிருடன் திரும்பினால் சட்டம் பயின்று, எதிர்த்துப் போராட வழியற்ற தம் மக்களுக்காக வாதாடுவது என உறுதி பூண்டார். 1919இல் ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் சேர்ந்தார். அதன் புகழ்பெற்ற சட்ட இதழின் ஆசிரியர் குழுவில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார். 1922இல் சட்டப் பட்டமும் 1923இல் முனைவர் பட்டமும் பெற்று, ஸ்பெயினிலும் ஓராண்டு பயின்று திரும்பினார்.

ஹோவர்டில் ஆசான்

வாஷிங்டனிலுள்ள ஹோவர்டு பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரிப் பொறுப்பை 1929இல் அவர் ஏற்றார். அது அன்று மாலைநேரக் கல்லூரி. பகலில் பிழைப்புத் தேடும் இளைஞர்கள் இரவில் வந்து படித்தனர். ஹூஸ்டன் அதனை முழுநேரப் பகற்கல்லூரியாக மாற்றினார். ஏழை மாணவரின் வாய்ப்பைப் பறிக்கிறார் எனச் சொந்தச் சமூகத்தாரே சினந்தனர். அச்சினத்தில் நியாயம் இல்லாமலில்லை. எனினும் அரைகுறைப் பயிற்சியுடன் நீதிமன்றம் ஏறும் வழக்கறிஞர் தம் கட்சிக்காரரின் உயிருக்கே உலை வைத்துவிடுவார் என அவர் அஞ்சினார். 1931இல் அக்கல்லூரி முழு அங்கீகாரம் பெற்றது. அதை வழங்கியது, கறுப்பின வழக்கறிஞர்களுக்குத் தன் கதவை அடைத்து வைத்திருந்த அமெரிக்க வழக்கறிஞர் சங்கமே.

வகுப்பறையில் அவர் கண்டிப்பு மிக்கவர். பலர் இடையிலேயே விலகினர். எஞ்சியோரை நீதிமன்றங்களுக்கும் சிறைச்சாலைகளுக்கும் அழைத்துச் சென்றார்; சட்டம் ஏழையை எவ்வாறு தொடுகிறது என்பதைக் கண்ணாரக் காணச் செய்தார். 1933இல் அங்கிருந்து முதல் மாணவராகத் தேறி வெளிவந்தவரே துர்குட் மார்ஷல்.

வழக்குமன்றத்தில்

கறுப்பின மக்களின் முன்னேற்றத்திற்கான தேசியச் சங்கத்தின் தனி வழக்கறிஞராக 1935இல் ஹூஸ்டன் பொறுப்பேற்றார். தொடக்கப் பள்ளிகளை விடுத்து, சட்டக் கல்லூரிகளிலிருந்தே போரைத் தொடங்கினார். தென் மாநிலங்கள் பலவற்றில் கறுப்பினத்தவர்க்கெனச் சட்டக் கல்லூரியே கிடையாது. ஆகவே அங்குச் சமத்துவம் இருப்பதாக எவரும் நடிக்க இயலாது. சட்டக் கல்வியின் தரம் யாது என்பதை நீதிபதிகளுக்கு விளக்க வேண்டியதும் இல்லை.

மேரிலாந்து பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் இடம் மறுக்கப்பட்ட டொனால்டு மர்ரிக்காக ஆசானும் மாணவர் மார்ஷலும் இணைந்து வாதாடி 1935இல் வென்றனர். மறு ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. அடுத்து வந்தது மிசௌரி மாநிலத்து லாயிட் கெய்ன்ஸ் வழக்கு. வெளி மாநிலம் சென்று படித்தால் கட்டணம் தருகிறோம் என்றது அரசு. ஹூஸ்டன் உச்ச நீதிமன்றம் செல்லுமுன், ஹோவர்டில் ஆசிரியர்கள், மாணவர்கள் முன்னிலையில் தம் வாதத்தை ஒத்திகை பார்த்தார். 1938 டிசம்பரில் தீர்ப்பு வந்தது: சொந்த மாநிலத்திலேயே சமமான கல்வி தரவேண்டியது அரசின் கடமை. ஆனால் அந்த வெற்றியைத் துய்க்க கெய்ன்ஸ் இருக்கவில்லை. 1939இல் அவ்விளைஞர் காணாமற் போனார். பின்னர் எவரும் அவரைக் கண்டிலர்.

ஹூஸ்டன் ஓயவில்லை. இரயில்வேயில் பணியாற்றிய கறுப்பினத் தொழிலாளரைத் தொழிற்சங்கம் வஞ்சித்தலாகாது என 1944இலும், கறுப்பினத்தவர்க்கு வீடு விற்கத் தடைவிதிக்கும் ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் செயற்படுத்தலாகாது என 1948இலும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைப் பெற்றார்.

நடுபவரும் உண்பவரும்

இடையறாத உழைப்பு அவர் இதயத்தைத் தளர்த்தியது. 1950 ஏப்ரல் 22ஆம் நாள், ஐம்பத்து நான்காம் அகவையில் மறைந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1954 மே 17இல், பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. வாதாடி வென்றோரின் தலைவர் மார்ஷல். அவரே 1967இல் அந்நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானார்.

மாணவச் செல்வங்களே! பனை நடுபவர் அதன் நுங்கை உண்ண எண்ணி நடுவதில்லை. ஹூஸ்டனும் அவ்வாறே நட்டார். உரிமை வேண்டும் என உரத்துக் கூறுவோர் எக்காலத்தும் உளர். அவ்வுரிமையை ஆதாரத்தோடும் முறையோடும் பிழையின்றியும் நிலைநாட்டவல்லோர் சிலரே. அச்சிலர் உருவாகும் இடம் வகுப்பறை. அதனுள் நுழையும் ஆசிரியராகிய நாமும், அமரும் நீங்களும் இதனை மறவாதிருப்போமாக.