ஜார்ஜ் சைமன் ஓம் – மின்னோட்டத்தை அளந்த பள்ளி ஆசிரியர்



அறிவியல் பொருட்காட்சி நெருங்கிவிட்டால், நம் ஆறாம் ஆண்டு மாணவர் சிலர் ஈப்போ நகரத்து மின்பொருள் கடையிலிருந்து எல்.இ.டி. எனப்படும் சின்னஞ்சிறு விளக்குகளை வாங்கி வருவர். வாங்கிய மகிழ்ச்சியில், 9 வோல்ட் மின்கலத்தின் இரு முனைகளிலும் விளக்கின் கால்களை நேரே வைத்து அழுத்துவர். விளக்கு ஒரு கணம் பளிச்சென்று ஒளிரும்; அதன்பின் எரியவே எரியாது. உடனே கடைக்காரரைக் குறை கூறுவர். குறை கடைக்காரரிடமும் இல்லை, விளக்கிலும் இல்லை. இடையில் ஒரு சிறு மின்தடையை வைக்காமல் விட்டதே காரணம். அந்தத் தடை எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்கிடும் வழியை உலகிற்குத் தந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். அவர்தாம் ஜார்ஜ் சைமன் ஓம்.

ஜெர்மனி நாட்டில் எர்லாங்கன் என்னும் ஊரில் 1789ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் ஓம் பிறந்தார். தந்தையார் பூட்டுத் தொழிலாளி. தாயார் தையற்காரர் ஒருவரின் மகள். பிறந்த குழந்தைகள் எழுவரில் மூவரே பிழைத்தனர். ஓமுக்குப் பத்து வயதானபோது தாயாரும் காலமானார்.

அந்தத் தந்தையைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறேன். அவர் முறையான கல்வி பெற்றவர் அல்லர். பூட்டுப் பட்டறையில் உழைத்துக்கொண்டே தாமாகக் கணிதத்தையும் அறிவியலையும் கற்றார். கற்றதைத் தம் மைந்தர்கள் ஜார்ஜுக்கும் மார்ட்டினுக்கும் தாமே கற்பித்தார். அவ்வூர்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் அச்சிறுவர்களைச் சோதித்துப் பார்த்து, அவர்களின் கணிதத் திறன் கண்டு வியந்தார். மார்ட்டினும் பிற்காலத்தில் கணிதப் பேராசிரியரானார்.

1805இல் ஓம் பல்கலைக்கழகம் புகுந்தார். புகுந்தவர் படிப்பை மறந்து, நடனத்திலும் பனிச்சறுக்கிலும் பில்லியர்ட்ஸ் ஆட்டத்திலும் பொழுதைக் கழித்தார். (பெரியோர் வரலாறு என்றால் பிழையே இல்லாத வரலாறு என்று மாணவர்கள் எண்ணிவிடக் கூடாது.) தந்தை கடுஞ்சினம் கொண்டார். படிப்பு இடையில் நின்றது. 1806இல் சுவிட்சர்லாந்துக்குச் சென்று, பதினேழு வயதிலேயே ஒரு பள்ளியில் கணித ஆசிரியராக அமர்ந்தார். அங்கே தனியே அமர்ந்து உயர்கணித நூல்களைப் பயின்றார். 1811இல் ஊர் திரும்பி முனைவர் பட்டமும் பெற்றார்.

பட்டம் கிடைத்ததே தவிர வளமான வாழ்வு கிடைக்கவில்லை. பாம்பர்க் நகரில் சிறு பள்ளி ஒன்றில் பணியாற்றினார்; அப்பள்ளி 1816இல் மூடப்பட்டது. அதன்பின் மாணவர் நெரிசல் மிகுந்த வேறொரு பள்ளி. அந்நிலையிலும் வடிவியல் நூல் ஒன்றை எழுதி 1817இல் வெளியிட்டார். அந்நூல் பிரஷ்ய மன்னரின் மதிப்பைப் பெற்றமையால், கொலோன் நகர உயர்நிலைப் பள்ளியில் கணிதமும் இயற்பியலும் கற்பிக்கும் பதவி கிட்டியது. அப்பள்ளியில் நல்லதோர் ஆய்வுக்கூடம் இருந்தது. ஓமின் பெரும்பணி அங்கேதான் தொடங்கிற்று.

அந்நாளில் மின்சாரம் புதுமைப் பொருள். வோல்ட்டா மின்கலத்தைப் படைத்து 25 ஆண்டுகளே ஆகியிருந்தன. கம்பியில் மின்சாரம் ஓடுகிறது என்பதை அறிந்திருந்தனர். எந்தக் கம்பியில் எவ்வளவு ஓடும் என்பதற்குத் தெளிவான விதி இல்லை. ஓம் தாமே கருவிகளைச் செய்தார். பூட்டுப் பட்டறையில் வளர்ந்த கை அல்லவா? 1825இல் அவர் வெளியிட்ட முதல் முடிவு பிழையாக அமைந்தது. அக்கால மின்கலத்தின் விசை நிலையாக நில்லாமல் ஏறி இறங்கியதே காரணம். அவர் சோர்ந்துவிடவில்லை. அறிஞர் பொக்கண்டார்ஃபின் ஆலோசனைப்படி மின்கலத்தை விட்டுவிட்டு, பிஸ்மத்தும் செம்பும் இணைந்த ஒரு கருவியைக் கொண்டார். இணைப்பின் ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்தால், சிறிதாயினும் மாறாத மின்விசை கிடைக்கும். கொதிநீரின் வெப்பமும் பனிக்கட்டியின் குளிர்ச்சியும் மாறுவதில்லை அன்றோ!

பின்னர் 2 அங்குலம் முதல் 130 அங்குலம் வரை நீளமுள்ள எட்டுச் செப்புக் கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து, ஒவ்வொன்றிலும் ஓடும் மின்னோட்டத்தைத் தொங்கும் காந்த ஊசியைக் கொண்டு அளந்தார். 1826இல் விதி தெளிவாயிற்று. மின்னழுத்தம் இரு மடங்கானால் மின்னோட்டமும் இரு மடங்காகும். தடை இரு மடங்கானால் மின்னோட்டம் பாதியாகும்.

மேட்டில் தண்ணீர்த் தொட்டியும் கீழே லயங்களும் இருந்த தோட்டங்களில் வாழ்ந்தோர்க்கு இது எளிதில் விளங்கும். தொட்டி உயரமாக இருந்தால் குழாயில் நீர் விரைந்து வரும். குழாய் நீண்டும் குறுகியும் இருந்தால், கடைசி வீட்டுக்கு வரும் நீர் மெலிந்துவிடும். தொட்டியின் உயரம் மின்னழுத்தம் போன்றது. குறுகிய குழாய் தடை போன்றது. வரும் நீரே மின்னோட்டம்.

இனி நம் விளக்கைக் கவனிப்போம். எல்.இ.டி. விளக்கு ஓமின் விதிக்கு அடங்கி நடப்பதில்லை. சிவப்பு விளக்கு ஏறத்தாழ 2 வோல்ட்டில் ஒளிரும். அதற்குமேல் அழுத்தம் சற்றே கூடினாலும் மின்னோட்டம் அளவின்றிப் பெருகி, விளக்கு கருகிவிடும். ஆகவே விதிக்கு அடங்கும் ஒரு தடையை அதனுடன் சேர்த்து வைக்கிறோம். மின்கலம் 9 வோல்ட். விளக்குக்கு 2 வோல்ட். எஞ்சிய 7 வோல்ட்டைத் தடை ஏற்க வேண்டும். சாதாரணச் சிறு விளக்கு தாங்கக்கூடியது 20 மில்லிஆம்பியர், அதாவது 0.02 ஆம்பியர். 7ஐ 0.02ஆல் வகுத்தால் 350 ஓம். கடைகளில் 350 ஓம் எளிதில் கிடைக்காது. 330, 390, 470 என்றே கிடைக்கும். அப்போது எப்பொழுதும் கூடுதலான எண்ணையே தேர்ந்தெடுக்க வேண்டும். 330 வைத்தால் மின்னோட்டம் எல்லையைத் தாண்டும். 470 வைத்தால் 15 மில்லிஆம்பியர் அளவே ஓடும். ஒளி குறைந்ததாகக் கண்ணுக்குத் தெரியாது, விளக்கும் நெடுநாள் உழைக்கும். மஞ்சள், ஊதா, பழுப்பு ஆகிய மூன்று வளையங்கள் உள்ள தடையே 470 ஓம். மஞ்சள் 4, ஊதா 7, பழுப்பு என்பது ஒரு சுழியம். கால் வாட் தடையே போதும்.

தடையை விளக்குக்கு முன்னே வைப்பதா, பின்னே வைப்பதா என்று மாணவர் கேட்பதுண்டு. எங்கு வைத்தாலும் ஒன்றே; ஒரே வளையத்தில் எங்கும் ஒரே அளவு மின்னோட்டமே ஓடுகிறது. விளக்கின் நீண்ட கால் மட்டும் மின்கலத்தின் நேர்முனைப் பக்கம் இருத்தல் வேண்டும். இவற்றை மின்கலத்தில் மட்டுமே செய்து பார்க்க வேண்டும். வீட்டுச் சுவரிலுள்ள மின்சாரத்தில் ஒருபோதும் முயலக் கூடாது. அஃது உயிரைப் பறிக்கும்.

ஓம் தம் ஆய்வையெல்லாம் திரட்டி 1827இல் பெர்லின் நகரில் நூலாக வெளியிட்டார். அந்நூலால் ஒரு பல்கலைக்கழகப் பதவி கிடைக்கும் என்று நம்பினார். கிடைத்தது கண்டனமே. ஆய்வுக்கூட அளவைகளையும் கணிதத்தையும் கொண்டு இயற்கையை அறிய முடியாது, சிந்தனையாலேயே அறிய வேண்டும் என்று கருதியோர் அந்நாளில் அங்கே செல்வாக்குடன் இருந்தனர். கணிதம் அறியாதோர்க்கு நூல் விளங்கவுமில்லை. மனம் நொந்த ஓம் 1828இல் கொலோன் பதவியைத் துறந்தார். பெர்லினில் வாரத்திற்குச் சில மணி நேரம் கணிதம் கற்பித்து, ஏறக்குறைய ஆறாண்டுகள் எளிய வாழ்வு வாழ்ந்தார். தாம் அளந்தது சரியே என்பதை அவர் அறிவார். அதை ஏற்பார்தாம் மிகச் சிலர். பதவியைத் துறந்தது சரியா என்று என்னைக் கேட்டால், அவசரம் என்றே சொல்வேன். மாணவரும் ஆய்வுக்கூடமும் அவருக்கு அங்கே இருந்தனவே!

1833இல் நியூரம்பர்க் தொழில்நுட்பக் கல்லூரியில் இடம் கிடைத்தது. லைப்சிக் நகர அறிஞர் ஃபெக்னர் போன்றோர் அவர் விதியைச் சோதித்து உண்மை எனக் கண்டிருந்தனர். முதற்பெரும் சிறப்பு அயல்நாட்டிலிருந்தே வந்தது. 1841இல் இலண்டன் ராயல் சங்கம் தன் காப்ளி பதக்கத்தை அவருக்கு வழங்கியது. இளமை முதல் விரும்பிய பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் பதவி 1852இல் மூனிக் நகரில் கிடைத்தபோது அவருக்கு வயது 63. மணம் செய்துகொள்ளாமலே வாழ்ந்த அவர், 1854ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் அந்நகரிலேயே காலமானார்.

1881இல் பாரிஸ் நகரில் கூடிய அனைத்துலக மின்னியல் மாநாடு, மின்தடையின் அலகுக்கு ஓம் என்று அவர் பெயரையே சூட்டியது. கிரேக்க எழுத்தாகிய ஒமேகா அதன் குறியீடு ஆகும். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியைத் தரும் எல்.இ.டி.யை அமெரிக்க அறிஞர் ஹொலொன்யாக் 1962இல் உருவாக்கினார். அவ்விளக்கை ஓம் கண்டதே இல்லை.