ஒளிந்திருந்த கிருமியைத் துரத்தியவர்



செமஸ்டர் நேரம். ராத்திரி கண் விழிச்சுப் படிச்சதுல லேசா காய்ச்சல். மறுநாள் உதட்டோரத்தில் கொத்தாகக் கொப்புளம்! போன வருஷம் வந்த அதே இடம்! பத்து நாளில் ஆறிவிடும். பிறகு ஒருநாள் மறுபடி வரும். நடுவில் அந்தக் கிருமி எங்கே போய் ஒளிஞ்சுக்குது? இந்தக் கேள்விக்கு விடை தேடிய மேதைதான் எர்னஸ்ட் குட்பாஸ்டர்.

1886-ல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் பிறந்தார். 1912-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1923-ல் டீக் என்பவருடன் சேர்ந்து முயலின் தாடைத் தசையில் ஹெர்பஸ் வைரஸைச் செலுத்திப் பார்த்தார். அது அந்தத் தசைக்கு வரும் நரம்பைப் பிடித்துக்கொண்டே மூளைத்தண்டு வரை போய்ச் சேர்ந்தது! கரண்ட் ஒயர் வழியாப் போற மாதிரிதான்.

முகத்துக்குச் செல்லும் ட்ரைஜெமினல் நரம்பின் முடிச்சில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு உதட்டில் கொப்புளம் கிளம்புவதையும் டாக்டர்கள் முன்பே கவனித்திருந்தார்கள். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த குட்பாஸ்டர் 1929-ல் ஒரு முடிவை முன்வைத்தார். கொப்புளம் ஆறியபின் கிருமி தோலில் தங்குவதில்லை. அந்த இடத்து நரம்பின் முடிச்சுக்குள் தூங்குகிறது. விழித்தால் அதே நரம்பு வழியே இறங்கி வருகிறது. அதனால்தான் அதே இடம்!

ஆனால் நிரூபிப்பது எப்படி? அன்றைய மைக்ராஸ்கோப்பில் அது கண்ணுக்கே தெரியாது. அதற்காக அவர் சோர்ந்து உட்கார்ந்துவிடவில்லை. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது, 1931-ல் உட்ரஃப் தம்பதியருடன் சேர்ந்து, கருவுள்ள கோழிமுட்டையின் ஓட்டில் சின்ன ஜன்னல் வெட்டி, உள்ளே வைரஸை வளர்த்துக் காட்டினார். ஃப்ளூ, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிகளுக்கு அந்த முட்டைதான் வழிவிட்டது.

1960-ல் குட்பாஸ்டர் காலமானார். 1971-ல்தான் ஸ்டீவன்ஸ், குக் என்ற இரு ஆய்வாளர்கள் சுண்டெலியின் முதுகுத்தண்டு நரம்பு முடிச்சுகளில் தூங்கும் வைரஸைக் கண்டுபிடித்தார்கள். சீக்கிரமே மனிதரிலும் அகப்பட்டது. மண்டை ஓட்டின் அடியில், முகத்துக்குக் கிளை பிரியும் ட்ரைஜெமினல் நரம்பு முடிச்சில்! சின்னம்மைக் கிருமியும் இப்படித்தான் நரம்பு முடிச்சுகளில் பதுங்கி, பல வருஷம் கழித்து அக்கியாக வெளிவருகிறது. கொப்புளத்தை அடக்க இன்று மாத்திரை உண்டு. தூங்குகிற கிருமியை விரட்ட இன்னும் மருந்தில்லை.

லேப்ல ரீடிங் சரியா வரலேன்னா பக்கத்து ரெக்கார்டைப் பார்த்து எழுதிடுறோம், இல்லையா? 1929-ல் சொன்னது சரிதான் என்ற சேதி வருமுன்பே அவர் போய்விட்டார். கண்டதை வைத்து நேர்மையாக யோசித்தார். மிச்சத்தை வருகிறவர்களுக்கு விட்டார். அந்த மிச்சத்தில் கொஞ்சம் நமக்கும் இருக்கு, நண்பர்களே!